ஆளுமை வினாநிரலின் முடிவை வைத்து, வயதுவந்த ஒருவருக்கு ஆட்டிசம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது. நீண்ட காலமாக விடாமல் தொடரும் பதற்றத்துக்காக உளவள ஆலோசகர் ஒருவரிடம் சென்று வருகிறேன். தொடக்கத்திலேயே அவர் ஐந்து பண்புகளை அளக்கும் ஆளுமை வினாநிரல் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். வெளிமுகத்தன்மை மிகக் குறைவு, கவலைக்கும் பதற்றத்துக்கும் எளிதில் ஆளாகும் தன்மை மிக அதிகம், மற்ற மூன்றும் நடுத்தரம் என்று முடிவு வந்தது.

எனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்ற ஐயம் அதற்குப் பிறகுதான் எழுந்தது. நாலைந்து பேர் கூடிப் பேசும் இடத்தில் எந்த நொடியில் வாய் திறக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நான் பேசத் தொடங்கும்போது ஒன்று இன்னொருவர் பேச்சில் குறுக்கிடுகிறேன், அல்லது பேச்சு வேறு பக்கம் போய்விட்டிருக்கிறது. தொலைபேசியில் யாரையேனும் அழைப்பதற்கு முன் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். குழல்விளக்கின் மெல்லிய இரைச்சல் காதில் விழுந்துவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் பதிவதில்லை. இவை எல்லாமே நினைவு தெரிந்த நாளிலிருந்து இருப்பவை.

எனவே ஆட்டிசப் பண்புகளைப் பற்றிக் கேட்கும் இரண்டு வினாநிரல்களை நானாகவே இணையத்தில் நிரப்பிப் பார்த்தேன். 50 கேள்விகள் கொண்ட ஏக்யூவில் 34 மதிப்பெண்ணும், 80 கேள்விகள் கொண்ட ராட்ஸ்-ஆரில் 121 மதிப்பெண்ணும் வந்தன. இரண்டுமே சொல்லப்படும் வரம்பைத் தாண்டியவை. இதை ஆலோசகரிடம் காட்டியபோது, என்னுடைய ஆளுமை முடிவே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது என்றும், நான் உள்முகமான, அதிகம் கவலைப்படுகிற ஒரு மனிதர், அவ்வளவுதான் என்றும் கூறிவிட்டார்.

ஆளுமை வினாநிரல் ஒன்றை வைத்து ஆட்டிசத்தை இப்படி விலக்கிவிட முடியுமா? முடியாதென்றால், என் 34-க்கும் 121-க்கும் எவ்வளவு மதிப்புத் தரலாம்? என்னை நானே மதிப்பிட்டுக்கொண்ட இரண்டு வகைத் தாள்கள் இரண்டு வேறு பெயர்களைச் சொல்லும்போது எதை நம்புவது என்று தெரியாமல் கேட்கிறேன்.

மறுமொழி: மருத்துவ உளவியலாளர்

வயதுவந்தோருக்கான ஆட்டிச மதிப்பீட்டில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை நேரானது: விலக்க முடியாது. ஐம்பண்பு வினாநிரல் ஒருவர் பொதுவாக எப்படி நடந்துகொள்கிறார் என்பதை விவரிக்கிறது. ஏன் அப்படி நடந்துகொள்கிறார், எந்த வயதிலிருந்து நடந்துகொள்கிறார் என்பவற்றை அது கேட்பதே இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் இதே வினாநிரல்களால் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஆட்டிசம் உள்ளவர்களிடம் வெளிமுகத்தன்மை சராசரியாகக் குறைவாகவும் பதற்றப் பண்பு அதிகமாகவும் காணப்பட்டன. உங்களுக்கு வந்த முடிவும் அதுவே. ஆகவே உங்கள் ஆலோசகர் ஆட்டிசத்துக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொண்டது உண்மையில் எதிரான சான்றே அல்ல. அதேநேரம் அது ஆதரவான சான்றும் ஆகாது. ஆட்டிசமே இல்லாத மிகப் பலருக்கும் இதே முடிவு வரும்.

கூட்டமான இடங்களில் பலருடன் கலந்து பேசுவேன் என்ற வாசகத்துக்கு மூன்று பேர் ‘இல்லை’ என்று குறிக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர், தான் பேசுவதைக் கேட்டு மற்றவர்கள் தன்னைத் தாழ்வாக எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி ஒதுங்குகிறார். இன்னொருவருக்கு அச்சம் எதுவும் இல்லை, தனிமை பிடித்திருக்கிறது. மூன்றாமவருக்குப் பேச ஆசை உண்டு. ஆனால் பல குரல்கள் ஒன்றோடொன்று கலந்து காதில் விழுவதால் எது யாருடைய பேச்சு என்று பிரிக்க முடியவில்லை, பேச்சு முறை கைமாறும் நொடியையும் பிடிக்க முடியவில்லை. தாளில் மிஞ்சுவது மூன்று ஒரே மாதிரியான குறிகள். மதிப்பீட்டு அறையில் நாங்கள் தேடுவதோ அந்தக் குறிக்குப் பின்னால் நடந்ததை. நீங்கள் உங்கள் கேள்வியில் எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியம், அதாவது வாய் திறக்கும் நொடி பிடிபடவில்லை என்பது, உங்கள் இரண்டு மதிப்பெண்களையும்விட எனக்கு அதிகம் சொல்கிறது.

இனி ஏக்யூ. 2001-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பாரன்-கோயனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. சராசரி அல்லது அதற்கு மேற்பட்ட அறிவுத்திறன் உள்ள பெரியவர்களிடம் ஆட்டிசப் பண்புகள் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று அளக்கவே அது உருவாக்கப்பட்டது. நோயறிதல் கருவி அல்ல என்பதை அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதத்தினர் 32-ஐயோ அதற்கு மேலோ பெற்றனர். ஒப்பீட்டுக் குழுவில் 2 சதவீதத்தினர் மட்டுமே அவ்வளவு பெற்றனர். 32 என்ற வரம்பு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த ஒப்பீட்டுக் குழு பொதுமக்களிலிருந்து எடுக்கப்பட்டது. பதற்றத்தோடும் சோர்வோடும் உதவி தேடி வருபவர்களுக்கு நடுவே அந்த வரம்பு அதேபோல் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பிரிட்டனின் சிறப்பு மையம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட 476 பெரியவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய ஏக்யூ மதிப்பெண்ணையும் முழு மதிப்பீட்டின் முடிவையும் ஒப்பிட்டபோது, மதிப்பெண்ணைக் கொண்டு முடிவை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. வரம்புக்குக் கீழே பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் இருந்தது. மறுபக்கம், பொதுப் பதற்றக் கோளாறு மதிப்பெண்ணை உயர்த்திக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்தது. உங்களுக்குப் பதற்றம் இருப்பதால் இந்த இரண்டாவது செய்தியையும் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ராட்ஸ்-ஆரின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2011-இல் வெளியானபோது அதன் துல்லியம் மிக உயர்வாகச் சொல்லப்பட்டது. ஆனால் அது மருத்துவர் உடனிருந்து, கேள்வி புரியாத இடத்தில் விளக்கிச் சொல்லி நிரப்பப்பட வேண்டிய கருவியாக அமைக்கப்பட்டது; இன்று பெரும்பாலோர் தனியாக அமர்ந்து இணையத்தில் நிரப்புகிறார்கள். 2021-இல் வெளியான, இங்கிலாந்தின் மதிப்பீட்டுச் சேவை ஒன்றில் நடந்த சிறிய ஆய்வில், ஆட்டிசம் இல்லை என்று முடிவானவர்களிலும் ஏறத்தாழ எல்லோருமே 65 என்ற வரம்பைத் தாண்டியிருந்தார்கள்.

நோயறிதல் நிற்பது வேறு இடத்தில். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, சமூகத் தொடர்பில் மூன்று வகையான சிரமங்களும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தல், மாறாத ஒழுங்கை வற்புறுத்தல், ஆழ்ந்து குறுகிய ஈடுபாடு, புலன்களின் மிகையான அல்லது குறைவான துலங்கல் ஆகிய நான்கில் இரண்டேனும் இருக்க வேண்டும். இவை வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்க வேண்டும். வளர்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே இவை இருந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனையோடு கையேடு ஒரு விளக்கத்தையும் சேர்க்கிறது: சூழலின் எதிர்பார்ப்புகள் ஒருவருடைய திறனை மீறும்வரை இவை முழுமையாக வெளித்தெரியாமல் இருக்கலாம், பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போகலாம். வயதுவந்தோரைப் பொறுத்தவரை மிக முக்கியமான வரி இதுதான் என்பது என் கருத்து. இன்றைய நிலையை மட்டும் கேட்கும் எந்த வினாநிரலும் அந்த வரியை எட்டாது.

மறுமொழி: 46 வயதில் ஆட்டிசம் உறுதிசெய்யப்பட்டவர்

மேலே உள்ளவர் சொன்ன அந்த 64 சதவீதத்தில் நான் ஒருத்தியாக இருந்திருப்பேன். மதிப்பீட்டுக்கு முன் நான் நிரப்பிய ஏக்யூ வரம்புக்கு நன்றாகவே கீழே இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அறிமுகமில்லாதவர்களுடன் இயல்பாகப் பேச முடிகிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு முடிகிறது என்றுதான் குறித்தேன், ஏனென்றால் முடிகிறது. மதிப்பீடு செய்தவர் அதோடு விடவில்லை. “முடிகிறது, சரி. எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் மூன்று தொடக்க வாக்கியங்கள் எப்போதும் தயாராக இருக்கும் என்றும், எதிராளியின் கண்களைப் பார்க்காமல் புருவங்களுக்கு இடையே பார்ப்பேன் என்றும், அவர் சிரித்தபின் மனத்துக்குள் இரண்டு எண்ணிவிட்டுச் சிரிப்பேன் என்றும், வீடு திரும்பியதும் பேசியதை எல்லாம் வரிவரியாகத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு யாரிடமும் பேச முடியாமல் படுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று அதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தச் செய்தியில் ஒரு துளியும் நான் போட்ட குறியில் இல்லை.

இத்தகைய மறைப்பை அளப்பதற்கென்றே 2019-இல் கேட்-க்யூ என்ற 25 கேள்விகள் கொண்ட வினாநிரல் வெளிவந்தது. அதுவும் தன்மதிப்பீடுதான், அதனால் அதற்கும் அதே வரம்புகள் உண்டு. ஆனால் தன் நடத்தையில் எது இயல்பாக வருவது, எது உழைத்துச் செய்வது என்று பிரித்துப் பார்க்க அதன் கேள்விகள் எனக்கு உதவின.

ஏக்யூவில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘உறுதியாக ஒப்புக்கொள்கிறேன்’, ‘ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்’ என்று விடைகள் பிரிக்கப்பட்டிருந்தாலும், வழக்கமான கணக்கில் இரண்டுக்கும் ஒரே ஒரு மதிப்பெண்தான். எப்போதாவது சிறு ஓசை தொந்தரவு செய்பவரும், அந்த ஓசையால் வேலையையே விட்டவரும் அந்தக் கேள்வியில் சமம்.

ராட்ஸ்-ஆரில் எனக்குப் பயன்பட்டது அதன் விடை அமைப்பு. ‘இப்போதும் இளமையிலும் உண்மை’, ‘இப்போது மட்டும் உண்மை’, ‘16 வயதுக்கு முன் மட்டும் உண்மை’, ‘ஒருபோதும் இல்லை’ என்று நான்கு வகை. மொத்தக் கூட்டலை மறந்துவிட்டு, இளமையிலும் உண்மை என்று எவற்றைக் குறித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில், சிறு வயதில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இரண்டு மூன்று வரிகளில் எழுதி வையுங்கள். நான் அப்படி எழுதிக்கொண்டு போன தாளைத்தான் மதிப்பீடு செய்தவர் கையில் எடுத்துப் படித்தார், மதிப்பெண்களை ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேசியதைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது பற்றிப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு சந்தேகம் இன்னும் உறுத்துகிறது. எனக்கு என்ன உணர்ச்சி எழுகிறது என்பதே பல நேரங்களில் எனக்குத் தெரிவதில்லை. வயிறு இறுகுவது தெரியும், அது கோபமா பயமா பசியா என்று தெரியாது. இப்படிப்பட்ட ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை எப்படி நம்ப முடியும்? என் விடைகள் முழுவதுமே பொருளற்றவையோ என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி: உளவியல் அளவீடுகளில் ஆய்வு செய்பவர்

பொருளற்றவை அல்ல. நீங்கள் விவரிப்பதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். தன் உணர்ச்சிகளை அடையாளம் காணவும் சொல்லவும் ஏற்படும் சிரமம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது, இல்லாதவர்களில் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கு இருக்கிறது. பாதிப் பேருக்கு இல்லை என்பதையும் பாருங்கள்; ஆட்டிசம் வேறு, இது வேறு. உணர்ச்சியைப் பெயரிட்டுக் கேட்கும் கேள்விகளில் உங்கள் விடை தடுமாறலாம். ஆனால் குழல்விளக்கின் இரைச்சல் கேட்கிறதா, அழைப்புக்கு முன் எழுதி வைத்துக்கொள்கிறீர்களா என்பவை நடத்தையையும் புலனையும் பற்றியவை. அவற்றுக்கு உங்களைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆட்டிசம் உள்ளவர்களின் ஆளுமையைப் பற்றி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் தம்மைப் பற்றிச் சொன்னதிலும் பெற்றோர் அவர்களைப் பற்றிச் சொன்னதிலும் ஒரே வகையான வேறுபாடுகளே காணப்பட்டன. தன்னைப் பற்றிய அறிவு அவர்களுக்கு இல்லை என்ற பழைய எண்ணத்துக்கு அது இடம் தரவில்லை.

என்னுடைய கவலை தன்மதிப்பீட்டின் வேறு இரண்டு பலவீனங்களைப் பற்றியது. முதலாவது, ஒப்பீட்டின் அளவுகோல். மற்றவர்கள் கவனிக்காததை நான் கவனிக்கிறேன் என்பது போன்ற வாசகத்துக்கு விடை சொல்ல, அந்த ‘மற்றவர்கள்’ யார் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். நுணுக்கமான தொழிலில், தன்னைப் போன்றவர்களுக்கு நடுவே இருபது ஆண்டுகள் வாழ்ந்தவருக்குத் தன் கவனம் சாதாரணமாகத் தோன்றும். ஆட்டிசம் குடும்பங்களில் தொடர்வது உண்டு என்பதால், வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களையே அளவுகோலாகக் கொள்பவருக்கும் அப்படியே.

இரண்டாவது, எண்கணிதம். ஏக்யூவின் 2001 ஆய்வில் வந்த 80 சதவீதத்தையும் 2 சதவீதத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்வோம். 10,000 பேர் கொண்ட பொதுமக்கள் திரளில் நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், 100 பேருக்கு இருக்கும். அவர்களில் 80 பேர் வரம்பைத் தாண்டுவார்கள். மீதி 9,900 பேரில் 2 சதவீதம் என்றால் 198 பேர். ஆக, வரம்பைத் தாண்டிய 278 பேரில் ஆட்டிசம் உள்ளவர்கள் 80 பேர், பத்துக்கு மூவருக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் அப்படி எழுந்தமானமாக எடுக்கப்பட்டவர் அல்ல. ஐயத்துக்குக் காரணங்கள் இருந்துதான் நிரப்பினீர்கள், அதனால் உங்கள் வாய்ப்பு இந்தக் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும். எவ்வளவு அதிகம் என்பதை 34 என்ற எண்ணிலிருந்து மட்டும் யாராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

மறுமொழி: பொது மனநல மருத்துவர்

ஆலோசகரின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர் காரணம் காட்டியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சமூகப் பதற்றம், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய், சிறுவயதில் பட்ட பெருந்துன்பத்தின் தழும்பு ஆகிய ஒவ்வொன்றும் இந்த வினாநிரல்களில் மதிப்பெண்ணை ஏற்றிவிடக்கூடும். இணையத்தில் வந்த எண்ணோடு வரும் ஒவ்வொருவருக்கும் ஆட்டிசம் என்ற திசையிலேயே பார்க்கத் தொடங்கினால், உடனே தீர்க்கக்கூடிய பதற்றம் கவனிப்பாரின்றிப் போகும் என்ற அச்சம் எனக்கு உண்டு. பதற்றத்துக்கான சிகிச்சையை முதலில் முடித்துவிட்டு, மிஞ்சுவது என்ன என்று பார்ப்பது பல நேரங்களில் நல்ல வழி.

மறுமொழி: மருத்துவ உளவியலாளர்

பதற்றத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் நான் வேறுபடுகிறேன், ஏனென்றால் சிகிச்சையின் உள்ளடக்கமே மாறுகிறது. பிறர் தன்னை இழிவாக எண்ணுவார்கள் என்ற அச்சத்தால் கூட்டத்தைத் தவிர்ப்பவரைப் படிப்படியாகக் கூட்டத்துக்குள் கொண்டுபோனால், அஞ்சியது நடக்கவில்லை என்று கண்டு அச்சம் தணியும். இரைச்சல் தாங்காமல் தவிர்ப்பவரை அதே முறையில் கொண்டுபோனால் இரைச்சல் அங்கேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் அவர் களைத்துத் திரும்புவார், தன் முயற்சி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். ஆண்டுக்கணக்கில் இப்படி நொந்துபோன பலரை நான் சந்தித்திருக்கிறேன். ஆட்டிசமும் பதற்றமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம் என்பதால், ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று வரிசைப்படுத்தவும் தேவையில்லை.

மதிப்பெண்ணை எந்த அளவுக்குப் பொருட்படுத்துவது என்பதற்கு, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நல்ல எடுத்துக்காட்டு. பத்துக் கேள்விகள் கொண்ட ஏக்யூ-10-இல் 6-ஓ அதற்கு மேலோ வந்தால் முழு மதிப்பீடு வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. உடனேயே, மருத்துவரின் தேர்ந்த கணிப்பில் ஐயம் எழுந்தாலும் வழங்க வேண்டும் என்றும் சேர்க்கிறது. குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்ப அது இடம் கொடுக்கவில்லை. குறைந்த மதிப்பெண்ணே கதவை மூடக்கூடாது என்னும்போது, ஆட்டிசத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத ஆளுமைத் தாள் அதை மூடுவது எப்படி முறையாகும்?

கேள்வி கேட்டவருக்கு: முழு மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்குமாறு ஆலோசகரிடம் கேளுங்கள், அவர் மறுத்தால் வேறொருவரை நாடுங்கள். போகும்போது மூன்று வினாநிரல்களையும் கொண்டுபோங்கள், ஐம்பண்புத் தாள் உட்பட, ஆனால் ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் என்ன நடக்கிறது என்ற குறிப்புகளோடு கொண்டுபோங்கள். உங்கள் சிறுவயதை அறிந்த ஒருவர், தாயோ தந்தையோ மூத்த உடன்பிறந்தாரோ, உடன்வர முடிந்தால் பெரிய உதவி. அப்படி யாரும் இல்லையென்றால் பழைய பள்ளி அறிக்கைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் உதவும். அவையும் இல்லையென்றாலும் மதிப்பீடு நின்றுவிடாது, உங்கள் சொந்த நினைவுகளையும் நேரடி உற்றுநோக்கலையும் கொண்டு நடக்கும். அடாஸ்-2 போன்ற உற்றுநோக்கல் கருவியைப் பயன்படுத்தினால், அந்த ஒரு மணிநேரத்தில் வழக்கமாகச் செய்யும் ஒத்திகைகளை எல்லாம் செய்து நன்றாகத் தோன்ற வேண்டும் என்று முயலாதீர்கள். முயற்சி தானாகவே வந்துவிட்டால், வந்துவிட்டது என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அதையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

முடிவு ஆட்டிசம் இல்லை என்று வந்தாலும், எந்தச் சிரமத்துக்கு எந்தக் காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரைச்சலும் பேச்சு முறை பிடிபடாமையும் விளக்கம் பெறாமல் விடப்பட்டால், மதிப்பீடு இன்னும் முடியவில்லை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.